நாக்குக்கு விலை தெரியாது

இத்தாலிய ஒயின் என்றதும் பாரோலோ, புருனெல்லோ என்று பெரிய விலைக்காரர்களைத்தான் அடுக்குகிறார்கள். எனக்குப் பிடித்தவை அந்த வரிசையில் வருவதில்லை. அப்ருத்ஸோவின் மொந்தெபுல்சியானோ, பியெமோந்தேயின் பார்பெரா, எமிலியாவின் நுரைக்கிற லம்ப்ருஸ்கோ. இத்தாலிய சூப்பர் மார்க்கெட்டில் ஐந்தாறு யூரோவுக்கு நல்ல பாட்டிலே கிடைக்கும். எல்லாமே அன்றாடச் சாப்பாட்டோடு குடிக்கிற ஒயின்கள். பார்பெராவைத் தனியாகக் குடித்தால் புளிப்பு தூக்கலாகத் தெரியும். தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த பாஸ்தாவோடு குடித்துப் பாருங்கள். அந்தப் புளிப்பே எண்ணெய்ப் பிசுக்கை அறுத்து, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கிவிடும்.

கிராமத்துக் கூட்டுறவு ஒயின் கூடங்களில் இன்னும் மலிவு. வீட்டிலிருந்து கேனும் கண்ணாடிக் குடுவையும் கொண்டுவருவார்கள். பெட்ரோல் பங்க் குழாய் மாதிரியே ஒரு குழாய். பிடியை அழுத்தினால் கருஞ்சிவப்பாகக் கொட்டும். லிட்டர் கணக்கில் காசு. இதை வாங்குவதில் அங்கே யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பாரோலோவுக்கு மட்டும் ஏன் அத்தனை விலை? அதுவும் பார்பெரா விளைகிற அதே குன்றுகளில் விளைவதுதான். ஆனால் சட்டப்படி 38 மாதம் காத்திருந்த பிறகே விற்பனைக்கு வரலாம். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். போட்ட முதல் அவ்வளவு காலம் முடங்கிக் கிடக்கிறது. விளையும் நிலமும் கொஞ்சம். அதற்கான காசு நியாயமான காசுதான். பத்து மடங்கு விலை கொடுத்தால் பத்து மடங்கு ருசி வரும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

லேபிளில் உள்ள தரவரிசையும் கைகொடுக்காது. டஸ்கனிக் கடலோரத்துப் பொல்கெரியில் மாரியோ இஞ்சிஸா தெல்லா ரொக்கெத்தா பிரெஞ்சு கபர்னே திராட்சையைப் பயிரிட்டு, வீட்டுத் தேவைக்கு ஒயின் செய்துவந்தார். அதுதான் சஸ்ஸிகாயா. 1968ஆம் வருட அறுவடைதான் முதலில் கடைக்கு வந்தது. அந்த வட்டாரச் சிவப்பு ஒயினுக்கென்று விதி இல்லாததால், அரசின் பட்டியலில் அது வெறும் 'மேசை ஒயின்'. அதாவது, கடைசிப் படி. 1978ல் டெகாண்டர் இதழ் லண்டனில் பல நாட்டு கபர்னேக்களை வைத்து நடத்திய ருசித் தேர்வில் முதலிடம் பிடித்தது அந்தக் கடைசிப் படி ஒயின்தான். அரசு அதற்கு உரிய தகுதியைத் தந்தது 1994ல். இன்றைக்குப் பாட்டில் 200 யூரோவைத் தாண்டும்.

விலை மனத்தையும் ஆட்டிவைக்கும். 2008ல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டவுடன் ருசி கூடியதாகக் குடித்தவர்கள் சொன்னார்கள்; மூளை ஸ்கேனிலும் இன்பத்தை உணரும் பகுதி கூடுதலாக வேலை செய்தது.

ஆனால் மலிவுக்கும் ஓர் அடித்தளம் வேண்டும். 1986ல் இத்தாலியில் மலிவு ஒயினில் போதை ஏற்ற மெத்தனால் கலந்ததில், இருபது பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனால் என்ன செய்யும் என்று கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, தயாரித்தவர் பெயரும் விளைந்த ஊரும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால், விலை குறைவு என்று தயங்காமல் வாங்குங்கள்.