யுத்தம் பார்க்காத ஜீப்

குடும்பஸ்தன் செய்யக்கூடாத காரியங்கள் என்று என் மனைவி ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். ஜாமீன் கையெழுத்துப் போடுவது, ஏலச்சீட்டு பிடிப்பது, சினேகிதன் ஓட்டலில் பார்ட்னராகச் சேர்வது. போன வருஷம் மாங்கனித் திருவிழா முடிந்த வாரம் அதில் நான்காவது அயிட்டம் சேர்ந்தது: பழைய மிலிட்டரி ஜீப் வாங்குவது.

அதுவரை நான் கழற்றி மாட்டிய ஒரே இயந்திரம் டேபிள் ஃபேன். மாட்டிய பிறகு இரண்டு ஸ்க்ரூ மிச்சம்.

ஜீப்பைப் பார்த்தது திருநள்ளாறு போகிற வழியில், மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில்லின் பின்பக்கம். முன் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் 'ஆர்.சி. புக் என் பேர்லதான் இருக்கு' என்கிற தோரணை. விற்பவர் என் தோளில் கை போட்டு ரகசியம் சொன்னார்.

"சார், இது சாதா ஜீப் இல்ல. அறுபத்தஞ்சு வார்ல சண்டை போட்ட வண்டி. இதோ பாருங்க, குண்டு பாஞ்ச துளை!"

பக்கவாட்டுத் தகட்டில் நிஜமாகவே துளைகள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம் கரண் பக்கத்தில் ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப் மேல் ஏற்றிய 106 எம்.எம். ரீகாயில்லெஸ் பீரங்கியை வைத்துக்கொண்டு பாட்டன் டாங்குகளை ஒவ்வொன்றாக உடைத்து, கடைசியில் அங்கேயே உயிரை விட்டார். பரம்வீர் சக்ரா பெற்றவர். பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க அந்த நிமிஷம் கண் முன்னால் ஓடியது. மாடி எடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியும் அதே நிமிஷம் ஓடியது.

டிராக்டர் கட்டி இழுத்து, அரசலாற்றங்கரையில் மாமனாரின் தென்னந்தோப்பில் கொண்டுபோய் நிறுத்தினோம். மாமனார் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, "மாப்ளே, இதுல எந்தப் பக்கம் முன்னாடி?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்தா தாத்தா வந்து சேர்ந்தார்.

காரைக்கால்காரர்களுக்கு 'சொல்தா' யார் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். 1954-ல் ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி கைமாறியது 1962-ல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களில் தாத்தாவுடையதும் ஒன்று. இருபது வயதில் கப்பலேறி, ராணுவத்தில் டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். இப்போது எண்பத்து மூன்று. மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுவார் என்று தெருவில் சொல்வார்கள்.

அன்றைக்கு அந்த நாலையும் ஒரே மூச்சில் செலவழித்தார்.

"தம்பி, இது ராங் பானெட்."

அவர் ஓட்டியது ஹாட்ச்கிஸ். இரண்டாம் உலக யுத்தத்து வில்லிஸ் ஜீப்பை 1955-லிருந்து 1966 வரை பிரான்சிலேயே லைசென்ஸ் வாங்கிச் செய்த வண்டி. அதற்கு பானெட் தாழ்வாக இருக்கும். என்னுடையது மஹிந்திரா செய்த சி.ஜே. 3பி. இதன் நான்கு சிலிண்டர், 2,199 சி.சி. பெட்ரோல் என்ஜினில் இன்லெட் வால்வுகள் மட்டும் மேலே தலைப்பகுதிக்குப் போய்விட்டன. என்ஜின் உயரமாகிவிட்டது, பானெட்டையும் தூக்கவேண்டியதாயிற்று. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டியபின் பந்தல் வாசலை உயர்த்துகிற மாதிரி.

(கம்பெனிக் கதை ஒன்று, ஆபீஸ் டீ இடைவேளைக்கு உதவும். மஹிந்திரா அண்ட் மஹிந்திரா 1945-ல் ஆரம்பித்தபோது பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. பார்ட்னர் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதி மந்திரி ஆனார். பிறகு கவர்னர் ஜெனரல். இங்கே 1947-லிருந்து பம்பாயில் ஜீப்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள்.)

தாத்தா குண்டு துளைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விரலால் இடைவெளியை அளந்தார்.

"எதிரி ரொம்ப ஒழுங்கான ஆளா இருந்திருக்கான். அளவு பாத்துச் சுட்டிருக்கான். தம்பி, இது மம்முட்டி மாட்டற கிளாம்புக்குப் போட்ட துளை."

மனைவியிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பத்தியைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தாத்தா முக்காலியில் உட்கார, நான் வண்டிக்கு அடியில் படுக்க, வேலை நடந்தது. கடற்கரை ஊரில் துரு என்பது நோயல்ல, வீட்டு மனிதர் மாதிரி. தரைத்தகட்டைச் சுத்தியலால் தட்டினால் அப்பளமாக உதிர்ந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க். அதற்குள் சரளைக்கல் போட்டுக் குலுக்கியதில் அரைப்படி செம்மண் வந்தது. நாகூரிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் பாய், "சார், பெட்ரோல் என்ஜினைத் தூக்கிட்டு டீசல் போட்டுடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். உண்மைதான். பெட்ரோல் விலை ஏறஏற இந்தியாவில் பாதி ஜீப்களுக்கு அந்த ஆபரேஷன் நடந்துவிட்டது. என்னுடையது தப்பித்ததற்குக் காரணம் அந்தக் கோழி.

தப்பித்தது நல்லதாகப் போயிற்று. 2021-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. கண்காட்சிக்கு, ராலிக்கு, ரிப்பேருக்கு, பெட்ரோல் போட வெளியே எடுக்கலாம். ஆபீசுக்கு, கல்யாணத்துக்குக் கூடாது. அதாவது, பெட்ரோல் போடப் போகலாம். போட்ட பெட்ரோலைச் செலவழிக்கப் போகக்கூடாது.

ஒரு விஷயத்தைச் சிரிக்காமல் சொல்கிறேன். இந்த மாதிரி வண்டி வாங்குகிற உத்தேசம் இருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு புண்ணியவான் என் ஜீப்புக்குப் பழைய ராணுவ ரிம் மாட்டியிருந்தார். அது நடுவில் இரண்டு பாதியாகப் பிரியும். வண்டியோடு சேர்க்கிற நட்டு ஐந்து உள்வட்டத்தில். ரிம்மின் இரண்டு பாதியைச் சேர்க்கிற நட்டுகள் வெளிவட்டத்தில். நான் டயரில் காற்றிருக்கும்போதே வெளிவட்டத்தில் ஸ்பானரை வைத்துவிட்டேன். தாத்தா முக்காலியிலிருந்து எழுந்தது தெரியாது. என் கையில் ஸ்பானர் இல்லை. தோப்பு மூலையில் கிடந்தது.

"மார்சேய் டிப்போவில ஒருத்தன் இப்படித்தான் கழட்டினான்" என்றார். அந்த ஒருத்தனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்யாமல் இளநீர் மட்டும் குடித்தோம்.

ஐப்பசி மழையில் தார்ப்பாய் போர்த்திவிட்டு உப்புத்தாள் போட ஆரம்பித்தேன். மேலே வெள்ளை பெயிண்ட். அடியில் நீலம். அதற்கடியில் ஒரு சிவப்பு, ஏதோ கட்சிக்கோ கூல்டிரிங்சுக்கோ ஓடியிருக்கவேண்டும். அதற்கும் அடியில், முன் பம்பரில், கரும்பச்சை. அதன்மேல் மங்கலாக வெள்ளையில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 68.

இந்திய ராணுவ வண்டி நம்பர்கள் அந்த அம்பில்தான் ஆரம்பிக்கும். அடுத்த இரண்டு எண் வண்டி சேர்ந்த வருஷம். ஆக, அறுபத்தஞ்சு யுத்தம் முடிந்து மூன்று வருஷம் கழித்துத்தான் என் ஜீப் பட்டாளத்தில் சேர்ந்திருக்கிறது. விற்றவருக்கு போன் போட்டேன். ஒரு வினாடிகூடத் தயங்காமல், "அப்ப எழுவத்தியொண்ணு வார் சார்!" என்றார்.

தாத்தா மட்டும் அந்த அம்பின்மேல் கட்டை விரலை வைத்து, ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"தம்பி, தையோட மக வந்து என்னைக் கூட்டிட்டுப் போறா. பாரீசுக்குப் பக்கத்தில வீடாம். நாலாவது மாடி. இதை அதுக்குள்ள ஓட விட முடியுமா?"

அதுவரை எனக்கு அவசரம் இருந்ததில்லை. பொழுதுபோக்குக்கு என்ன டெட்லைன்? அன்றிரவே மெட்ராஸ் பஸ் ஏறி, புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்து மாஸ்டர் சிலிண்டர் கிட்டும் கார்புரேட்டர் சாமான்களும் வாங்கிவந்தேன். ஆபீசில் மூன்று நாள் 'வயிற்று உபாதை'. மாடிக்கு எடுத்துவைத்திருந்த மிச்சப் பணத்திலும் கை வைத்தாயிற்று. மனைவிக்குத் தெரிந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். "தாத்தா எப்ப கிளம்பறாராம்?" என்று கேட்டாள். சொன்னேன். அதற்கப்புறம் ஞாயிறுகளில் தோப்புக்கு சாப்பாட்டுக் கேரியர் வந்தது.

பெயிண்ட் விஷயத்தில்தான் எனக்குப் பெரிய வருத்தம். ஆலிவ் பச்சையே அடித்துவிடுவது என்று இருந்தேன். மத்திய மோட்டார் வாகன விதி 121 குறுக்கே நின்றது. ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் அந்தப் பச்சை அடிக்கக்கூடாது. ஜீப்பை அதன் பிறவி நிறத்தில் தவிர வேறு எந்த நிறத்திலும் அடிக்கலாமாம்! மணல் நிறம் அடித்தேன். அம்புக்குறியும் அதற்கடியில் போயிற்று. டேஷ்போர்டு டப்பாவின் உள்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சையைத் தாத்தா தொடவிடவில்லை.

போகிக்கு முந்தின ஞாயிறு. பேட்டரி பாதி உயிர். ஹாண்டில் போட்டுத்தான் சுற்றவேண்டும். "கட்டை விரலை மத்த விரலோட ஒரே பக்கமா வை. திருப்பி அடிச்சா எலும்பு முறியும்" என்றார் தாத்தா. பதினொன்றாவது சுற்றில் ஒரு தும்மல். அடுத்த சுற்றில் வெள்ளைப் புகை, பிறகு நீலப் புகை, பிறகு தோப்பிலிருந்த அத்தனை காக்காயும் கிளம்பின. என்ஜின் ஓடியது! மாமனார் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

ஸ்டியரிங்கில் தாத்தாவை ஏற்றி உட்காரவைத்தோம். கை நடுங்குகிறவர் கியர் ராடைப் பிடித்ததும் நடுக்கம் நின்றது. வரப்பில் இறங்காமல், ஒரு மட்டையை மிதிக்காமல், தோப்பின் கடைசி வேலி வரை ஓட்டிப்போய் மெத்தென்று நிறுத்தினார். இருநூறு அடி இருக்கும்.

திரும்பி வரத்தான் முடியவில்லை. ரிவர்ஸ் விழவில்லை. நான், மாமனார், மனைவி, தேங்காய் பறிக்க வந்த ஆள் என்று நாலு பேர் முன்பக்கம் நின்று பின்னோக்கித் தள்ள, தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சில் ஆணையிட்டபடி வந்தார்.

அந்த வாரமே பிரான்சுக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிறு மத்தியானம் போன் வரும். உடம்பு எப்படி, குளிர் எப்படி என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் கேட்டுவிடுவார்.

"ரிவர்ஸ் விழுதா?"

"இன்னும் இல்ல தாத்தா."

"கியர் ராடை இன்னொரு தடவை கழட்டிப் பாரு" என்பார். கழற்றிக்கொண்டிருக்கிறேன்.