பந்தயத்தில் பாட்டாளிக்கு வழி ஏது?



பத்து காவான் மாறிவிட்டது. தோட்டங்கள் இருந்த மண்ணில் ஆலைகள் எழுந்துள்ளன. 2014இல் இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டது. பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் சம்பள நாளன்று தொழிலாளியின் மடியைத் தடவும் கூட்டம் மட்டும் மாறவில்லை. அன்று அது கள்ளுக்கடையில் காத்திருந்தது. இன்று கைப்பேசிக்குள்ளேயே புகுந்துவிட்டது!

நாலு நம்பரில் ஏமாந்தவனிடம் இப்போது புதுக் கதை சொல்கிறார்கள். "டென்னிஸ் குலுக்கல் அல்ல, அறிவுக்கு வேலை. மெல்பர்ன், பாரிஸ், விம்பிள்டன், நியூயார்க் ஆகிய நான்கு பெரும் போட்டிகளுக்கும் எங்களிடம் முறை இருக்கிறது" என்கிறார்கள். அந்த முறைகளின் யோக்கியதையைப் பார்ப்போம்.

முதலில் புக்கியின் கணக்கு. சமபலமுள்ள இருவர் ஆடுகிறார்கள். யார் மீது 100 வெள்ளி கட்டினாலும், வென்றால் முதலோடு சேர்த்து 190 வெள்ளி. நீ ஒருவன் மீதும் உன் நண்பன் மற்றவன் மீதும் கட்டினால் புக்கியின் கையில் 200 வெள்ளி. எவன் வென்றாலும் அவன் தருவது 190தான். மீதி 10 வெள்ளி அவன் பைக்கு. வேலைக்கு இறக்கிய ஆள் ஒன்றுக்கு இத்தனை காசு என்று துரையிடம் வாங்கிய கங்காணியை நம் தாத்தாக்கள் அறிவார்கள். இவனும் அவனேதான்!

"முன்னணி ஆட்டக்காரன் மீது கட்டு, முதல் சுற்றில் தோற்கமாட்டான்" என்பது ஒரு முறை. 2013 விம்பிள்டனில் நடால் முதல் சுற்றிலேயே, உலக வரிசையில் 135ஆவது இடத்திலிருந்த டார்சிஸிடம் தோற்றார். இரண்டு நாளில் ஃபெடரர் 116ஆவது இடத்திலிருந்த ஸ்டாகோவ்ஸ்கியிடம் தோற்றார். இப்படிப்பட்ட பெரிய ஆட்டக்காரன் மீது 100 வெள்ளி கட்டினால் சில சமயம் இரண்டு வெள்ளிதான் லாபம். ஐம்பது தடவை சேர்த்ததை ஒரே தோல்வி வாரிக்கொண்டு போகும்.

"தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு" என்பது இன்னொரு முறை. 10, 20, 40 என்று ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 1,270 வெள்ளி. எட்டாவது தடவை 1,280 வேண்டும். மொத்தம் 2,550! 2025 பிப்ரவரியில் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. கடன் வாங்கிக் கட்டி வென்றாலும், மேலே சொன்ன விலைப்படி கைக்கு வருவது 2,432. அதாவது, வென்றும் 118 வெள்ளி நட்டம்! இதற்குப் பெயர் முறையா, முழுப் பைத்தியமா?

"ஆட்டம் நடக்கும்போதே பார்த்துக் கட்டு" என்பார்கள். நடுவர் பதியும் புள்ளி உடனே பந்தயக் கம்பெனிக்குப் போகிறது. உன் திரைக்குப் படம் சில விநாடி தாமதித்து வருகிறது. அவன் கண்ட பிறகு காண்பவன் நீ.

எவனுமே ஜெயிப்பதில்லையா என்று கேட்கலாம். கணினியும் பெரும் பணமும் உள்ள சிலர் ஜெயிக்கலாம். ஆனால் தொடர்ந்து ஜெயிப்பவனின் கணக்கைப் பல கம்பெனிகள் சுருக்கிவிடுகின்றன. தோற்பவனைத்தான் அன்போடு அழைக்கின்றன!

மேலும், 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி உரிமமற்ற புக்கி நடத்துவது குற்றம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஆகவே புக்கி பணம் தர மறுத்தால் நீ எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. ஆனால் நீ தரவேண்டிய பாக்கிக்கு அவன் கோர்ட்டுக்குப் போகமாட்டான், உன் வீட்டுக்கு வருவான். பிறகு ஆ லோங். பிறகு மனைவியின் தாலி.

2024 மே மாதம் முதல் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் உதவும் அந்தப் பணத்தின் மீதும் இந்தக் கூட்டத்துக்குக் கண். தோழனே, கணக்குப் பார்! 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி கொடுத்த லாபம் நூற்றுக்கு 6.30. புக்கியோ கட்டும் ஒவ்வொரு நூறிலும் ஐந்தை எடுக்கிறான்.

1947இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக எழுந்தது. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் யார் மீதும் பந்தயம் கட்டவில்லை. தங்களையே நம்பினார்கள்.

வாலிபர்களே! டென்னிஸைப் பாருங்கள், ரசியுங்கள், மட்டையெடுத்து ஆடவும் செய்யுங்கள். ஆனால் முறை விற்க வருபவனிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "ஜெயிக்கும் வழி உன்னிடம் இருந்தால், என் சம்பளம் உனக்கு எதற்கு?"