கடலுக்கடியில கொடி எதுக்குங்க?

நீச்சல் தெரியாத பசங்க கூட இப்போ ஸ்கூபா போகணும்னு கிளம்பியாச்சு. தப்பே இல்லை. பனியன் கம்பெனி சத்தத்துலயே வளர்ந்தவனுக்கு, தன்னோட மூச்சு மட்டும் கேட்கிற இடம் சொர்க்கமாத்தான் தெரியும். எங்க செட்டுலயும் பரீட்சை முடிஞ்சு மே கடைசியில எங்கே போறதுன்னு பேச்சு ஓடுது. அதுல பாதிப் பேர் சொல்ற காரணம்தான் எனக்குக் கடுப்பு: "மாலத்தீவு போறவன் தேசத்துரோகி. லட்சத்தீவுதான் போகணும்."

இது 2024 ஜனவரியில கிளம்பின பூதம். பிரதமர் மோடி லட்சத்தீவுல ஸ்நார்க்கலிங் பண்ணின படம் வந்துச்சு. மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூணு பேர் கேவலமா எழுதினாங்க, சஸ்பெண்டும் ஆனாங்க. அதோட முடிஞ்சிருக்க வேண்டியது. நம்மாளுங்க அதை டூர் கைடா மாத்திட்டாங்க!

எங்க அனுப்பர்பாளையத்துல பித்தளைக் குடம் வாங்க வர்றவங்க தட்டிப் பார்ப்பாங்க, எடை போடுவாங்க. கொடி ஒட்டியிருக்கான்னு பார்க்க மாட்டாங்க. நாமளும் தட்டிப் பார்ப்போமா?

லட்சத்தீவோட மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழற தீவு பத்துதான். 2011 கணக்குப்படி 64,473 பேர். விமான நிலையம் அகத்தியில மட்டும்தான். குடிதண்ணி? உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்கிற மழைத்தண்ணி. அது பத்தாமத்தான் 2005ல கவரத்தியில கடல்நீரைக் குடிநீராக்குற நிலையம் வந்துச்சு.

இப்போ காமர்ஸ்காரன் கணக்கு. 2023ல மாலத்தீவு போன இந்தியர்கள் 2 லட்சத்துக்கும் மேல. அந்தக் கூட்டத்தை அப்படியே லட்சத்தீவுக்குத் திருப்பினா, அங்கே இருக்கிற சனத்தைப் போல மூணு மடங்கு. எல்லாரும் ஒரே நாள்ல வந்து இறங்க மாட்டாங்கதான். ஆனா மழைக்காலம் போக மிச்சம் இருக்கிற ஏழெட்டு மாசத்துக்குள்ள, ரெண்டு மூணு தீவுலதான் வந்து குவிவாங்க. ஷவரும் ஃப்ளஷ்ஷும் தண்ணி கேட்கும். கழிவு எங்கே போகும்? நாம பார்க்கப் போற அதே பவளப்பாறை மேலதான்.

அந்தப் பவளமும் ஏற்கெனவே படுத்த படுக்கை. கடல் சூடானா பவளம் தனக்குள்ள வச்சிருக்கிற பாசியை வெளியே தள்ளிட்டு வெளுத்துப்போகும். 1998, 2010, 2016, 2024ன்னு நாலு தடவை அங்கே இது பெரிய அளவுல நடந்திருக்கு. காய்ச்சல்காரன் தலையில மூட்டை ஏத்துறதுக்குப் பேர் தேசபக்தியா?

இதைச் சொல்ல திருப்பூர்க்காரனை விடத் தகுதியானவன் யாருங்க? ஆர்டர் வருது வருதுன்னு வாங்கிக் குவிச்சோம். சாயத்தண்ணி எங்கே போகும்னு கேட்கலை. நொய்யல் செத்துச்சு. ஒரத்துப்பாளையம் அணை சாக்கடைத் தொட்டி ஆச்சு. 2011 ஜனவரியில உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் முழிச்சோம். மன்னார் வளைகுடாவுலயும் இதே கதைதான். சுண்ணாம்புக்குப் பவளத்தை வெட்டி எடுத்தாங்க, 21 தீவுல 2 தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு.

"அப்போ எங்கேதான்டா போறது?"

மே கடைசின்னா லட்சத்தீவும் அந்தமானும் தானாவே அவுட். தென்மேற்குப் பருவமழையில கடல் கொந்தளிக்கும். ஹேவ்லாக் (2018ல இருந்து ஸ்வராஜ் த்வீப்) நல்ல இடம்தான், ஆனா டிசம்பர்ல யோசிக்கலாம். மாலத்தீவுல ரிசார்ட்டுக்குப் போகாம ஊர்த்தீவு விடுதியில தங்கினா செலவு குறையும், ஆனாலும் அது மழைக்காலம். அந்த நேரத்துல அமைதியா இருக்கிறது இலங்கையோட கிழக்குக் கரை. திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு எதிர்ல புறாத்தீவு, 2003ல இருந்து தேசியப் பூங்கா. கரையில இருந்து படகுல கொஞ்ச தூரம்தான். கரும்முனைச் சுறா பார்க்கலாம். பேரம் பேசத் தமிழே போதும் :-)

அங்கேயும் கூட்டம் பவளத்தை மிதிச்சு நாசம் பண்ணியிருக்கு. அதனால என் ஓட்டு இப்படி: முதல்ல பாண்டிச்சேரி. பஸ்சுலயே போயிடலாம். மிதக்கவும் நிதானமா மூச்சு விடவும் அங்கே கத்துக்குவோம். புதுசா இறங்குறவன் துடுப்புக்காலை உதைச்சுப் பழகுற இடம் பவளப்பாறையா இருக்கக்கூடாது. அப்புறம் ஆறு பேர் மட்டும் திருகோணமலை. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல 18 மணி நேரம் இடைவெளி விட்டு டிக்கெட் போடணும், அதுல கஞ்சத்தனம் கூடாது.

தேசபக்தி வேணும்னா நொய்யல் கரைக்கு வாங்க, ஞாயித்துக்கிழமை பிளாஸ்டிக் பொறுக்கலாம். அதுக்கு பெர்மிட்டும் வேண்டாம், ஆக்சிஜன் சிலிண்டரும் வேண்டாம். (ஸ்கூபா சிலிண்டர்ல இருக்கிறது ஆக்சிஜன் இல்லீங்க, அழுத்தி அடைச்ச சாதாரணக் காத்துதான். அதைக்கூடத் தெரிஞ்சுக்காமதான் தேசத்துரோகி பட்டம் குடுக்கறாங்க!)