வெண்டைக்காய்ப் பூவும் ஆட்டோகிராஃப் பக்கமும்

கடைசி செமஸ்டர் வந்தால் போதும், கடையில் ரோஜா அச்சடித்த ஆட்டோகிராஃப் நோட்டை வாங்கி ஆளாளுக்கு நீட்டுகிறோம். எல்லார் நோட்டிலும் அதே ரோஜா! என் கட்சி வேறு. பக்கத்தை நாமே தயார் செய்யணும்.

நம்ம சின்னாளபட்டி சுங்குடியைப் பாருங்கள். துணியை நூலால் முடிந்து சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. காகிதத்தில் முடிச்சுப் போட முடியாதே! மிஞ்சிய டிராயிங் ஷீட்டில் மெழுகுவர்த்தியால் அழுத்திப் புள்ளி வைத்து, மேலே வாட்டர் கலர் பூசினால் அதே கதைதான். காய்ந்ததும் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, போஸ்டர் கலரில் தொட்டு ஒத்துங்கள், பூ விழும். தண்ணி கூடினா பூ கலங்கிடும், ஜாக்கிரதை.

"கோணலா இருக்கேடா" என்று சிரித்தான் அறைத்தோழன். அவன் கையிலேயே வெண்டைக்காயைக் கொடுத்தேன். அவன் வைத்த பூ இன்னும் கோணல். அதற்குக் கீழேதான் ஊர் விலாசம் எழுதியிருக்கிறான்.