மொரீசுத் தீவின் சைவமும் தமிழ்நாட்டார் கடனும்

இந்துமாக்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே கிடக்கும் மொரீசியசு என்னுஞ் சிறு தீவில் ஆப்பிரிக்கர் வழிவந்தார், ஐரோப்பியர், சீனர், முகம்மதியர், வடநாட்டார், தெலுங்கர், மராட்டியர், தமிழர் எனப் பல இனத்தாரும் ஒருங்கு வாழ்கின்றனர். பிரெஞ்சின் வழித்தோன்றிய கிரியோலே அவருட் பெரும்பாலார்க்கு வீட்டுமொழியாயிற்று. இதுகொண்டு தமிழ்நாட்டறிஞர் சிலர், ஆண்டுத் தமிழர் எடுக்குங் காவடி வெறுங் களியாட்டென்றும், பொருளறியாது ஓதுந் தேவாரம் கிளிப்பேச்சென்றும், அது சைவமாகாதென்றும் இகழ்வர். இக்கூற்று வரலாற்றொடும் மாறுபடும், சித்தாந்தத்தொடும் மாறுபடும்.

என்னை? 1735-இல் ஆளுநராய் வந்த லபூர்தொனே காலத்தே புதுச்சேரியினின்றுந் தமிழ்க் கைவினைஞர் அத்தீவிற்குச் சென்றனர். 1834 முதலாகக் கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றாருள்ளுந் தமிழர் பலர். ஆதீனமும் வித்துவானும் உடன்செல்லாத அவ்விடத்து, பகலெல்லாங் கரும்பு வெட்டிய கைகளே கோயில் எடுத்தன. இன்றும் தைப்பூசத்திற்கு முன் பத்துநாள் புலாலும் மதுவுந் துறந்து நோன்பு காக்கின்றனர். வாழையிலையில் ஏழுகறி படைத்துண்கின்றனர். அறுமுகன் திருப்பெயர் பிரெஞ்சு எழுத்திற் சிதைந்து 'அர்மூகம்' ஆகியும் குடிப்பெயராய் நிலைத்துளது. தைப்பூசம் அந்நாட்டு அரசு விடுமுறையுமாம். களியாட்டு வேண்டுவார் பத்துநாள் நோன்பு காப்பரோ?

இனி, சரியை முதலிய நான்கும் ஒன்றன்மேலொன்றாய படிகள் என்பது சித்தாந்தத் துணிபு. முதற்படியில் நிற்பாரைச் சைவரல்லரென்றல் அம்முறையையே மறுத்தலாகும். காளத்தியில் ஆகமமும் மந்திரமும் அறியாத வேடர் செய்த பூசையைச் சிவகோசரியார் அநுசிதமென வெறுத்தார். இறைவனோ அவ்வேடர் அன்பையே அவர்க்குக் காட்டிக் கண்ணப்பரைத் தன் வலப்பக்கத்து நிற்கப் பணித்தான். சிவகோசரியாரும் அது கண்டு தெளிந்தார்; இகழ்வார் இன்னுந் தெளிந்திலர்.

அற்றேல், மொழி நழுவியது குறையன்றோவெனின், குறையே. 1998-இல் வெளிவந்த பணத்தாள்களில் தமிழெழுத்து இந்திக்குப் பின்வைக்கப்பட்டபோது அத்தீவுத் தமிழர் கொதித்தெழுந்தனர். அரசும் அத்தாள்களை மீட்டுக்கொண்டது. தாளிற் காத்த எழுத்தை நாவிலுங் காத்தல் வேண்டும். அதற்கென அவர் தம் பள்ளிகளிலும், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் தமிழ் கற்பிக்கின்றனர். அம்முயற்சிக்கு இகழ்வார் செய்த துணை யாது? ஆசிரியர் ஒருவரை அனுப்பினரோ? நூலொன்று எழுதினரோ?

திருமுறைக்குக் கிரியோலிலும் பிரெஞ்சிலும் எளிய உரை வகுத்தல், ஓதுவாரை அனுப்பிப் பண்முறை பயிற்றல், அத்தீவின் இளைஞரை வரவழைத்துச் சித்தாந்தங் கற்பித்தல் ஆகிய இவையே கற்றார் கடன். கடனிறுக்காதார் கடலுக்கப்பால் நின்று நோன்பு காப்பாரைப் பழித்தல் சிவாபராதமேயாம். சைவம் அத்தீவில் தன் பத்தியால் நிற்கின்றது. அதற்கு ஞானத்துணை செய்யாது வாளாவிருத்தல் தமிழ்நாட்டார்க்கே இழுக்கு.