அண்டாவில் இருப்பது எச்சில் அல்ல

கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது அவமானம், அது ஆளைச் சோம்பேறியாக்கும் என்று ஒரு வாதம் சுற்றுகிறது. இதைச் சொல்பவர்கள் கடைசிப் பந்தி முடிந்து சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை போலும். அண்டாவில் இருப்பது இலையில் விழாத சோறு. சற்றுமுன் வரை மொய் எழுதியவர்கள் சாப்பிட்டதும் அதைத்தான். அவர்களுக்கு விருந்து, அடுத்த தெருக் கிழவிக்கு மட்டும் அவமானமா?

சோம்பேறி யார்? பந்தல்குடி, திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கரிசல். மழை பொய்த்தால் காட்டில் கூலி வேலை கிடையாது. பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட, மிஞ்சுவது முதியோர் உதவித்தொகை, மாதம் 1,200 ரூபாய். ரேஷன் அரிசி வருகிறது, சரி. முட்டிவலியோடு உலை வைப்பது யார்? பருப்பும் காயும் யார் வாங்கித் தருவது?

கெட்டுப்போகும் என்ற பயம் மட்டும் நியாயமானது. தேங்காய் அரைத்த கூட்டு முதலில் ஊசும். அதை வண்டியில் ஏற்றவே கூடாது. உபரி உணவை எடுத்து வழங்க 2019-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வகுத்துவிட்டது. கோவையில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ தொண்டர்கள் மண்டபங்களில் மிஞ்சுவதை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள்.

அரசு செய்யட்டும் என்கிறீர்களா? செய்யட்டும், சேர்ந்தே கேட்போம். அதற்காக இன்றைய சோற்றைக் குழியில் கொட்டச் சொல்வது என்ன சுயமரியாதை?

மண்டபம் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைசிப் பந்தி உட்காரும்போதே தொண்டர்களுக்குப் போன் போடுங்கள். எல்லாம் ஆறிய பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கு வேண்டாம்.