‘போதும்’ என்றால் போதும்!

இலக்கியமும் அரசியலும் மணக்கும் இவ்விதழில், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி எழுத ஒருவன் வந்திருக்கிறானே என்று நகைக்க வேண்டா. விடுமுறைக்கு வீடு திரும்பினால் நம்மில் ஒவ்வொருவரும் யாரோ ஒரு குழந்தைக்குச் சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நான் போசரியில் அக்காள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து போகிறவன். புனே-நாசிக் நெடுஞ்சாலையில் லாரிகளின் வரிசையையும், தொழிற்பேட்டையின் வாயில்களில் முறை மாறும் வேளையில் வழியும் கூட்டத்தையும் கண்டவர்களுக்கு அவ்வூரை விளக்க வேண்டுவதில்லை. அப்பாவுக்கு ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. பாட்டியும் தாத்தாவும் சேலத்திலோ திருநெல்வேலியிலோ இருப்பார்கள். குழந்தை பக்கத்து வீட்டில், எதிர்வீட்டில், அங்கன்வாடியில் என்று ஒரே நாளில் நான்கு கைகள் மாறும். அவை நல்ல கைகளே என்று நம்பித்தான் வாழ்கிறோம். நம்பிக்கை வேண்டும், அதோடு வேறொன்றும் வேண்டும் என்பது என் கருத்து.

நம் வீடுகளில் பாதுகாப்புப் பாடம் என்பது என்ன? பூச்சாண்டி! பிள்ளை பிடிக்கிறவன்! சாக்கு மூட்டையோடு வருகிற அந்நியன்! ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் சொல்வது வேறு. சிறார் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்படுகிறவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். 2007-இல் நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 சிறாரைக் கேட்டு வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களில் ஆண் பிள்ளைகள் சற்றும் குறைவில்லை. ‘பையன்தானே’ என்று அலட்சியம் செய்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூச்சாண்டிக் கதை குழந்தையைக் காக்கவில்லை, பெரியவர்களையோ வெறியர்களாக்கியது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் நாள், நம் மகாராட்டிரத்தில், துளே மாவட்டத்து ரைன்பாடாவில் இதே வதந்தியால் ஐவர் மாண்டனர். எந்தக் குழந்தைக்காக இந்தக் கொலைகள்?

பின் எதைக் கற்பிப்பது? மூன்று வயதுக்குச் சொற்பொழிவு ஆகாது, விளையாட்டுத்தான் ஆகும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறூட்டி, நண்டு ஊர்வதாகக் கையில் விரலை நடத்தி, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு உங்களுக்குத் தெரியாததா? நாம் அனைவரும் ஆடி வளர்ந்ததுதான். அதில் ஒரே ஒரு விதியைச் சேர்க்கச் சொல்கிறேன். குழந்தை ‘போதும்’ என்றால் நண்டு நின்றுவிட வேண்டும்! சிரித்துக்கொண்டே சொன்னாலும் நிற்க வேண்டும். மறுபடி ‘வா’ என்று அழைத்தால் மட்டுமே நண்டு நகரும். தன் சொல்லுக்கு ஒரு பெரியவரின் கை அடங்குகிறது என்பதைக் குழந்தை தன் உடம்பாலேயே அறிகிறது. இதைப் பத்து முறை ஆடிய குழந்தை, அடங்காத கை ஒன்று வந்தால் வேறுபாட்டை உணரும்.

கண் எங்கே, மூக்கு எங்கே என்று தொட்டுக் காட்டும் ஆட்டமும் அப்படியே. தொப்புள் வரை நாம் பெயர் சொல்கிறோம். அதற்குக் கீழே ‘சீ! ஷேம் ஷேம்!’ என்கிறோம். பெயரில்லாத இடத்தைப் பற்றிக் குழந்தை எப்படி முறையிடும்? போசரிக் குழந்தைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மராத்தி, தெருவில் இந்தி. ‘வேண்டாம்’ என்று அது அழுதால் மராத்தி ஆசிரியைக்கு விளங்காது. ஆகவே ‘நகோ’வும் ‘புரே’யும் அந்த ஆட்டத்திலேயே வந்துவிட வேண்டும்.

மூன்றாவது, காதில் கிசுகிசுக்கும் விளையாட்டு. பிறந்தநாள் பரிசை மாலை வரை ஒளித்து வைக்கலாம். ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்று யாராவது சொன்னால் உடனே ஓடிவந்து அம்மாவிடம் சொல்வதுதான் இந்த ஆட்டத்தில் வெற்றி! சொன்னதற்கு அடியோ ஏச்சோ கிடையாது.

(தண்ணீர்ப் பீப்பாய்க்கு மட்டும் விளையாட்டு உதவாது. பிம்ப்ரி-சிஞ்சுவடு மாநகராட்சி 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று முறை வைத்ததும், வீட்டுக்கு வீடு பீப்பாய் பெருகிற்று. அதற்கு வேண்டியது மூடி.)

“இந்தப் பிஞ்சு வயதில் இதெல்லாம் எதற்குத் தம்பி? மனசைக் கெடுத்துடாதே” என்றார்கள் அக்காளின் மாமியார். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை அவர்கள். நியாயமான அச்சந்தான். ஆனால் பருப்புக் கடைந்து காட்டிய போது அவர்களே மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நண்டை நிறுத்தி நிறுத்தி ஆடினார்கள். “மாமாவுக்கு முத்தம் கொடு” என்ற வற்புறுத்தலை மட்டும் இன்னும் விடவில்லை. அந்த மாமா நான்தான்! வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டால் நான் கைகுலுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இதில் என் மதிப்பு ஒன்றும் குறையக் காணோம்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விளையாட்டு கற்ற குழந்தை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் ஓய்ந்துவிடக் கூடாது. மூன்று வயதுக் குழந்தையால் ஒரு முரடனைத் தடுக்க முடியாது, சொல்லத்தான் முடியும். கேட்க ஒருவர் வேண்டும். கேட்டபின் “நம்ம சித்தப்பாவா? இருக்காது!” என்று வாயைப் பொத்துவோமானால் ஆட்டமெல்லாம் வீண். 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின்படி, இத்தகைய குற்றம் தெரிந்தும் மறைப்பது குற்றம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல் பதிய வேண்டும், பெயரும் வெளிவராது. அழைக்க வேண்டிய எண் 1098, காசில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உடலுறுப்புகளின் பெயர்களும், ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘அம்மாவிடம் சொல்வேன்’ என்பவையும் தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் அடங்கிய ஒரு பக்க அட்டை போசரித் தமிழ்க் குடும்பங்களுக்கு வேண்டும். படம் வரையத் தெரிந்தவர்களும், மராத்தியை நாக்குப் பிறழாமல் பேசுகிறவர்களும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். தமிழ்ப் பகுதியை நான் எழுதித் தருகிறேன்.